ஹெர்மினியா விசிறிய மதியம்

என் தங்கை ஹெர்மினியா ஐந்து வருஷம் கழித்து ஹாங்காங்கிலிருந்து பதினாறு நாள் லீவில் வந்தாள். அங்கே ஒரு டாக்டர் வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பது அவள் வேலை. அவள் பெற்ற மாயுமியை இங்கே எங்கள் ஊர் லிபாவில் தூங்கவைத்தது நான். அவள் விட்டுப்போனபோது குழந்தைக்கு இரண்டு வயது.

ஹெர்மினியா லேசுப்பட்டவள் இல்லை. கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோதுகூட மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. மறுவாரமே வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்தாள். சந்தையில் மீன்காரிகளையே அழவைப்பவள். இந்த ஏழு வயசுப் பொடிசிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. அவள் கொடுத்த சாக்லேட்டை வாங்கி, காகிதம் பிரிக்க என்னிடம் ஓடிவந்தது குழந்தை.

ஒரு தடவையாவது தன் கையால் மகளைத் தூங்கவைத்துவிட்டுப் போக வேண்டும். ஹெர்மினியா கேட்டது அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் போயும் நடக்கவில்லை.

ஏப்ரல் வெயில். மதியச் சோற்றுக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது.

"இன்னைக்கு நான் படுக்க வைக்கிறேன்க்கா" என்று, தான் வாங்கிவந்த சரிகை மடக்கு விசிறியை எடுத்தாள்.

"அது கோயிலுக்குப் போறப்ப மினுக்கிக்கிட்டுப் போகத்தான்டி லாயக்கு. காத்து வராது."

"நீ சும்மா இரு."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "காத்தே வரல. பெரியம்மா எங்க?" என்று மாயுமி எழுந்து உட்கார்ந்தாள்.

தினமும் சாயங்காலம் தெருமுனையில் இறைச்சி சுட்டு விற்கும்போது நான் அடுப்புக்கு வீசுகிற அனஹாவ் ஓலை விசிறியைக் கொடுத்தேன். ஓரம் கருகி, புகை நாற்றமடிப்பது. குழந்தை அதை மோந்து பார்த்துவிட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கண்ணைத் திறந்தாள்.

"நீங்க தப்பா வீசுறீங்க. தட்டவே இல்ல."

"என்னக்கா தட்டணும்?"

எனக்கே தெரியவில்லை. சும்மா ஒருமுறை வீசிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று வீச்சுக்கு ஒருதரம் விசிறியை என் கணுக்காலில் தட்டிக்கொள்கிறேன்.

"கொசுவுக்கு அடிக்கிறேன்டி. மூணு வீசு, கால்ல ஒரு தட்டு. போதும்."

"அங்க ஏசி ரிமோட்டை அமுக்கினா அந்தப் பிள்ளைங்க தூங்கிடும்க்கா" என்றபடி விசிறியை வாங்கிக்கொண்டாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து இறைச்சியைக் குச்சியில் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்று வீச்சு, ஒரு தட்டு. மாயுமி நகர்ந்து வந்து ஹெர்மினியாவின் மடியில் காலைத் தூக்கிப் போட்டாள். தங்கை வீசிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தாத, பெரியம்மா" என்றாள் குழந்தை, கண்ணை மூடியபடி.

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். கூடப்பிறந்தவளுக்கு நினைக்கக்கூடாத நினைப்பு அது, இன்றைக்கும் கூசுகிறது. ஹெர்மினியா என் பக்கம் திரும்பவில்லை.

"நிறுத்தல கண்ணு, தூங்கு" என்று நான் சொல்வதைப் போலவே சொன்னாள்.

குழந்தை தூங்கிப்போனாள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்து, மூலையிலிருந்த மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"அதை அணைச்சிடுக்கா" என்றாள் ஹெர்மினியா, கையை நிறுத்தாமல்.