வெள்ளிக்கிழமைச் சடை

இசக்கியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 1964இல் எங்கள் ஆராய்ச்சியின் மானத்தைக் காப்பாற்றியது அவர்தான். ரிஜிஸ்தர் எழுதிய குமாஸ்தா நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பம்பாய்த் தாராவியிலிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருவார். எக்ஸ்ரே அறையில் ஆயா. அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்திப் பலகையோடு ஒட்டி நிறுத்துவார். கழுவிய படங்களைக் காயப்போடுவார். வீட்டு முதியவர்களின் இருமல் பிள்ளைகளின் நெஞ்சைத் தாக்குகிறதா என்று டாக்டர் அனந்தகிருஷ்ணன் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாட்டுங்கா தமிழ்ப் பிள்ளைகளின் முறை.

எட்டு வயது ஷ்யாமளாவின் படத்தில் தோளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. காசநோய் என்றார் டாக்டர். பழி அவள் தாத்தா வேங்கடசுப்ரமணியன் மேல் விழுந்தது. அவர் பழைய ஆஸ்துமாக்காரர், ஓயாமல் இருமுவார். வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாகிவிட்டன. பேத்தியைத் தொடவே கூடாது என்று உத்தரவு.

மூன்று வாரம் கழித்து, காசநோய் சானடோரியத்துக்கு அனுப்புமுன் இன்னொரு படம் எடுக்க ஷ்யாமளாவை அழைத்து வந்தார்கள். தாத்தாவும் வந்து, வாசலிலேயே ஒதுங்கி நின்றார். நான் என்ன செய்ய? ரிஜிஸ்தரில் பெயரை எழுதிக்கொண்டேன்.

குழந்தையைப் பலகையில் நிறுத்திய இசக்கி சட்டென்று திரும்பினார்.

“ஐயா, கேக்கேன்னு கோவிக்காதிய. வெள்ளிக்கெழம வார பொம்பளப் புள்ளையளுக்கு மட்டும் எப்படி இந்தச் சீக்கு வருது? எல்லாப் படத்தையும் நாந்தான காயப்போடுதேன்!”

“ஆயா, உன் வேலையைப் பாரு” என்றார் டாக்டர்.

இசக்கி விடவில்லை. “எண்ண தேச்சி முழுகிட்டு, ஈரத்தோட இறுக்கிப் பின்னி, சடைய முன்னால போட்டுக்கிட்டு நிக்காவ. அந்தச் சடைதான் படத்துல வெள்ளையா விழுதோ என்னமோ. ஒருக்கா அவுத்துவிட்டு எடுத்துப் பாருங்களேன்.”

ரிப்பனை உருவி, கூந்தலை உச்சியில் அள்ளி முடிந்தார். இரண்டாவது படத்தில் திட்டு இல்லை. டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நம்மாத்துலேயும் வெள்ளிக்கிழமைன்னா எண்ணெய்தான். நேக்கு ஏன் தோணலை?”

நல்ல கேள்வி. எனக்கும்தான் இரண்டு பெண்கள்!

அதே திட்டு தெரிந்த மேலும் ஏழு சிறுமிகளைத் திரும்ப அழைத்தோம். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை.

ஷ்யாமளாவின் இரண்டாவது படம் எடுத்த அன்றே வெளி பெஞ்சில் தாத்தா பேத்திக்குச் சடை பின்ன உட்கார்ந்தார். கோணல்மாணலாக வந்தது. உதவப் போன இசக்கி பாதியில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டார்.

“தாத்தா, வலிக்கறது” என்றாள் ஷ்யாமளா.

அவர் கையை எடுக்கவில்லை.