அம்மா எல்லோருக்கும் கொடுத்த பாஸ்வேர்ட்

அன்று காலை வீட்டில் இருந்தது நான், அம்மா, தங்கை, மேல்மாடியிலிருந்து காப்பி குடிக்க இறங்கி வந்திருந்த சித்தப்பா. அப்பா இல்லை. லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஜோகூர் போயிருந்தார். போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் கடைகளுக்கு மேலே எழுந்த பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு.

பதினொரு மணிக்குத் தங்கைக்கு நேர்முகத் தேர்வு. தாதியர் கல்லூரிக்கு. நேரில் இல்லை, போனில், வீடியோ வழியாக. முந்தைய வருடமும் விண்ணப்பித்தாள், அழைப்பே வரவில்லை. இந்த முறை வந்துவிட்டது. அம்மா பத்து வருடமாக ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை பார்க்கிறார். அப்படி ஒரு வார்டில் மகள் தாதியாக நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரியும். அமைதியான அறையில் உட்கார வேண்டும், கூப்பிடும்போது இணைப்பில் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதுகூட இல்லை. நான் படித்தது கணக்கியல் டிப்ளோமா. செராஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. ஆனால் எங்கள் வீட்டில் படித்தவன் என்றால் எல்லாம் தெரிந்தவன். குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இணைப்புக்கு நான் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தவறும் நான்தான் செய்தேன். ஒன்பதரை மணி வரை எல்லாம் சரியாகவே இருந்தது. சுவிட்சை அடைத்துத் திறந்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்த ஞாபகம். கூடத்து மூலையில் இருந்த வைஃபை பெட்டியை அடைத்துவிட்டுத் திறந்தேன். விளக்குகள் பச்சையாக எரிந்தன. அம்மாவின் பழைய போன் உடனே சேர்ந்துகொண்டது. தங்கையின் போன் சேரவில்லை. சேர்கிறேன், சேர்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்து கைவிட்டது. என் போனும் அப்படியே. அம்மாவின் போனில் பேசலாம் என்றால் அதன் முன் கேமரா எப்போதோ கெட்டுப்போயிருந்தது. மொபைல் டேட்டாவும் உதவாது. சுற்றிலும் உயரமான கொண்டோக் கட்டடங்கள் எழும்பிய பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரே ஒரு கோடுதான் காட்டும்.

பாஸ்வேர்டை மறுபடி போட்டேன். தங்கை போனின் நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தங்கை தலைமுடியை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். சித்தப்பாதான் காப்பியை ஆற்றியபடி ஆரம்பித்தார்.

"மூணு வருஷம் டிப்ளோமா. ஒரு வைஃபைக்கு வழி இல்ல. பேசாம மாமாக் சாப்பாட்டுக் கடையில போய் உக்காரும்மா, அங்க லைன் நல்லா இருக்கும்."

"அங்க உக்காந்தா என்னைய எடுக்க மாட்டாங்க சித்தப்பா, ரெண்டு தே தாரேக்குக்குத்தான் ஆர்டர் எடுப்பாங்க" என்றாள் தங்கை. சிரிக்காமல் சொன்னாள்.

பத்து மணிக்கு இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு வாசலில் நின்று கூப்பிட்டேன். மலாயில் பேச ஆரம்பித்த பெண், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எங்கள் பெட்டியை அங்கிருந்தே பார்க்க முடியும் போலிருக்கிறது. வீட்டில் எத்தனை போன் என்று கேட்டார். நாலு, ஒரு டிவி என்றேன்.

"அண்ணே, பதினாறு காட்டுதே. இந்த மாடல்ல பதினாறுதான் சேரும். பதினேழாவது ஆளுக்கு எடமில்ல."

பெட்டியை மாற்றித் தர மூன்று நாளாகும் என்றார். இப்போதைக்குப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் எல்லோரும் இணைப்பிலிருந்து விழுந்துவிடுவார்கள், இரண்டு நிமிட வேலை என்று வழியும் சொன்னார்.

நான் வீட்டுக்குள் திரும்பி வாசல் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சித்தப்பா பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்த பாஸ்வேர்டை அம்மா அங்கேதான் ஒட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார், அடுத்து அந்தத் தாளைக் காட்டுவார். கறிவேப்பிலை கேட்டு வந்தவர்களுக்கும் அதே உபசாரம்தான். நானும் தினமும் பார்த்ததுதான். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பெட்டியை நான் அடைத்துத் திறந்த நொடியில் கட்டடமே முண்டியடித்து உள்ளே ஏறிவிட்டது, தங்கை வெளியே நின்றுவிட்டாள்.

பாஸ்வேர்டை மாற்றப் போகிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்தத சொல்லாம புடுங்கறதா? உங்கப்பா படியில விழுந்தன்னைக்கு கீழ சலூன்கார தம்பி கடைய அப்படியே போட்டுட்டு தூக்கிட்டு ஓடுனான். அவன் எங்கிட்ட எதையும் கேட்டுட்டா ஓடுனான்?"

"அம்மா, மணி பத்தே கால் ஆச்சு."

"கேட்டா தருவாங்கடா. வா, நீ வந்து வெளக்கிச் சொல்லு. எனக்கு அந்த எழவு எங்க அடைக்கிறதுன்னு தெரியாது."

போகிற போக்கில் சித்தப்பாவிடம் உங்க வீட்டில் எத்தனை என்று கேட்டார். இரண்டு போன், ஒரு டிவி பெட்டி. பதினாறில் மூன்று அவருடையது. சித்தப்பா காப்பியை அப்படியே வைத்துவிட்டு மேலே போனார். டிவி பெட்டியின் பிளக்கையே பிடுங்கிக் கையில் கொண்டுவந்து காட்டினார்.

எதிர்வீட்டு மலாய் அக்காவிடம் நான் மலாயில் விளக்கினேன். பிள்ளைகளின் டேப்லெட் உட்பட நாலையும் என் கண் முன்னே அடைத்தார். மூன்றாவது மாடி சீன அங்கிளுக்கு நான் சொன்னது புரியவில்லை, போனையே என் கையில் கொடுத்துவிட்டார். தையல்கார அக்காவிடம், திரையில் விசிறி மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதைத் தொட்டு அணையுங்கள் என்றேன். அந்த விசிறிதான் பிறகு எல்லோருக்கும் வேலை செய்தது. அலுவலகத்தில் மேலாளருக்கு அறிக்கை விளக்கியபோதுகூட எனக்கு அவ்வளவு தெளிவாகப் பேச வந்ததில்லை.

சலூன்கார அண்ணன் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்தார். கத்தியை வைத்துவிட்டு இரண்டு போனையும் கடைக் கேமராவையும் நிறுத்தினார். பிறகு நாற்காலியில் இருந்தவரைக் கண்ணாடியில் பார்த்தார்.

"பாஸ், நீங்களும் அடைங்க. ஆன்டி, இவரு அவ்ளோ தூரம் கிள்ளான்லேர்ந்து முடி வெட்டவா வர்றாருன்னு நெனைக்கிறீங்க? உங்க லைனுக்குத்தான் வர்றாரு."

அம்மா அவரிடமும் மன்னிப்புக் கேட்பது போலத்தான் பேசினார். பாதி நுரையோடு அவர் போனை எடுத்தார்.

நாங்கள் மூச்சு வாங்க மேலே வந்தபோது பத்து ஐம்பத்திரண்டு. தங்கையின் போனில் விசிறி முழுதாகத் தெரிந்தது. அம்மா தன் போனை அணைத்துச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டார். தங்கையின் நெற்றியில் திருநீறு வைத்தார். அறைக் கதவு சாத்தப்பட்டது.

பதினொன்றே காலுக்கு உள்ளே இருக்க முடியாமல் நான் மாடிப்படிக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தார். கீழே சலூனில் எப்போதும் அலறும் பாட்டு இல்லை. தையல் மெஷின் சத்தம்கூட நின்றிருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. அந்தப் படியில் நின்றபோது எனக்கு வந்த பெருமையை டிப்ளோமா வாங்கிய மேடையில்கூட நான் அனுபவித்ததில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டவன் நான். இப்போது இதை எழுதும்போது கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

தங்கை அரை மணி நேரம் பேசினாள். ஒரு முறைகூட அறுபடவில்லை. தங்கைக்கு இடம் கிடைத்தது; இப்போது இரண்டாவது பருவத்தில் இருக்கிறாள். மூன்றாம் நாள் நிறுவனம் காசு வாங்காமல் பெரிய பெட்டி மாற்றிக் கொடுத்தது. கதவில் இருக்கும் தாளை யாரும் கிழிக்கவில்லை.

அன்று மதியமே அம்மா பெரிய சட்டியில் கேசரி கிண்டி, லைனைத் திறந்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே வீடு வீடாகக் கொண்டுபோனார். இரவு ஜோகூரிலிருந்து கூப்பிட்ட அப்பா, வைஃபை சரி பண்ண வந்தவன் எவ்வளவு வாங்கினான் என்று கேட்டார். எவனும் வரவில்லை, உங்க மகன்தான் சரி பண்ணினான் என்றார் அம்மா. நான் மறுக்கப் போனேன், கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

அப்பாவின் கேள்விக்குச் சரியான பதில் என் பையில் ரசீதாக இன்னும் இருக்கிறது. என் தங்கையை அந்த அரை மணி நேரம் ஒரு கட்டடமே தாங்கிப் பிடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை, ரவை, சீனி, நெய், முந்திரி எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.