பதினோரு சிவப்பு வட்டங்கள்

யாராவது இங்கிலீஷைத் தப்பாக எழுதினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். தொலைத்துவிட்டேன் என்பதற்கும் தொளதொளவென்று இருக்கிறது என்பதற்கும் ‘லூஸ்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலைப் போடுகிறவர்கள், ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுகிறவர்கள், ‘ரிட்டர்ன் பேக்’ என்கிறவர்கள், ‘யுவர்’ வரவேண்டிய இடத்தில் ‘யூ ஆர்’ போட்டுவிட்டு அதோடு நாலு ஆச்சரியக்குறியும் வைக்கிறவர்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வரும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

இந்த எரிச்சல் பிறவியிலேயே வந்ததில்லை. கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்துவிட்டு முதல் வேலைக்குப் போனபோது, நான் எழுதிய விண்ணப்பத்தின் ஒரு வரியை மேனேஜர் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஆபீஸே சிரித்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு வைராக்கியமாகப் பிடித்த இங்கிலீஷ் இது. இப்போது ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் பதினாலு வருஷமாகப் பேப்பர் வேலை பார்க்கிறேன். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் நாங்கள்தான் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் துறைமுக வாசலில் லாரி நாள்கணக்கில் நிற்கும்.

அந்த வேலையில் வெளி ஆட்களுக்குத் தெரியாத ஒரு முறை உண்டு. சரக்கு வாங்குகிறவர்களின் பேங்க் பேப்பரில் ஒரு பெயர் தப்பாக அடித்து வந்திருந்தால், அந்தத் தப்பை நாங்களும் அப்படியே அடிக்க வேண்டும். திருத்தினால் பேங்க் ஏற்றுக்கொள்ளாது. எல்லாத் தாளிலும் ஒரே தப்பு இருந்தால் அதுதான் சரி. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

ஆபீஸில் அடக்கிவைத்த எரிச்சலை எல்லாம் கொட்ட எனக்குப் போனில் ஒரு குரூப் இருந்தது. கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, யாரோ போட்ட பதிவு என்று எங்கே தப்பைக் கண்டாலும் படம்பிடித்துச் சிவப்பு வட்டம் போட்டு அதில் போடுவோம். பொய்ப் பெயரில், ஒரு பூனைப் படத்தை வைத்துக்கொண்டு, நான் அங்கே பெரிய ஆள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் சாயங்காலம் வரைக்கும் சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டே இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

என் வீடு எர்ணாவூரில், இருந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்களுக்கான அடுக்குக் குடியிருப்பில், மூன்றாம் மாடி. பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அங்கிருந்து ஒரு நாற்றம் வரும். அழுகிய முட்டையும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி. கண் எரியும், தொண்டை கரகரக்கும். நான் அந்த நேரத்தில் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்திருப்பேன், அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த பேஜார்.

முதல் மாடியில் ஓர் அக்கா இருந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போனவன். எட்டு வயதில் ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு வீசிங். நாற்றம் வந்த அரை மணி நேரத்தில் அதன் மார்புக்கூடு உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். அக்கா தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். மூக்கில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகையை இழுக்கவைத்து, தேறியதும் அனுப்புவார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை இதே கூத்து. என்னைப் படியில் பார்த்தால் அந்தப் பெண், "ஆன்ட்டி, இன்னிக்கு நான் ஆஸ்பத்திரி போவல" என்று பெருமையாகச் சொல்லும்.

எங்கள் பிளாக்கில் மனு என்றால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. தண்ணீர், குப்பை, சாக்கடை எல்லாவற்றுக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவர் எழுதியதை மற்ற வீட்டுக்காரர்கள் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எடுத்தெழுதித் தங்கள் பெயரைப் போடுவார்கள். வீடு ஒதுக்கிய காலத்தில், ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததால் பல பேர் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். எழுத்து மாறினால் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் எலும்பில் ஏறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மேலே வந்தாள்.

"ம்மே, போன்ல போட்றதுக்கு ஒண்ணு எய்தித் தாயேன். கம்பெனி கேஸ் நாத்தம் பத்தி. ஆபீசருங்க பாக்குற பக்கத்துல போட்டா வருவாங்கன்றாங்க. கேஸ் வர்ற நேரத்துல ஒருதபா வந்து மோந்து பாத்தா போதும்மே."

எனக்குத் தலைவலி. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு. அதற்கு முந்தின வாரம்தான் இன்னொரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். "நான் இன்னா இங்க மனு கடையா வெச்சிகீறேன்? அடுத்த வாரம் பாக்கலாம்க்கா" என்றேன். முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன். அவள் இறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே போன் திரையைத் தள்ளினேன். ஆபீசர்கள் பார்க்கிற அந்த ஏரியா பக்கத்தில் அக்காவின் பதிவு. எட்டாவது வரை படித்த இங்கிலீஷ். ‘ரெஸ்பெக்ட் சார். மை டாட்டர் எய்ட் இயர். டெய்லி கம்பெனி கேஸ் கமிங். டாட்டர் நோ பிரீத். ஹாஸ்பிட்டல் கோயிங் கமிங், கோயிங் கமிங். பிளீஸ் சார், ஒன் டைம் சீ அண்ட் கோ.’ ‘வந்து பார்த்துட்டுப் போங்க’ என்பதை அப்படித் திருப்பிப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே அதே பதிவு இன்னொரு வீட்டுக்காரர் பெயரில். அதற்குக் கீழே இன்னொருவர். எங்கள் பிளாக்கே எடுத்துப் போட்டிருந்தது, ஒரு புள்ளி மாறாமல்.

அப்போது எனக்கு வந்தது பாவமில்லை, கோபம். ஒரு வாரம் பொறுக்க முடியவில்லையா? நான் எழுதினால் எப்படி இருந்திருக்கும்? இவ்வளவு பேரும் சேர்ந்து மானத்தை வாங்குகிறார்களே! பெயரை மட்டும் அழித்துவிட்டு, படம்பிடித்து, வட்டம் போட்டேன். பதினோரு வட்டம். மேலே ‘சீ அண்ட் கோ’ என்று தலைப்பு வைத்தேன். குரூப்பில் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன்.

சாயங்காலத்துக்குள் அது குரூப்பைத் தாண்டிவிட்டது. யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் அதைப் பாட்டாகவே பாடி வைத்திருந்தான். மறுநாள் ஒரு புத்திசாலி, அசல் பதிவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். அறுபது பேர் பெயரில் ஒரே பதிவு, ஒரே இடங்களில் ஒரே தப்பு. "காசு வாங்கிட்டுப் போட்றானுங்க", "எல்லாம் ஒரே ஆளோட ஃபேக் ஐடி", "கம்பெனிய மூட வெக்கிற கும்பல்" என்று கீழே வரிசையாக எழுதினார்கள். ஏரியா பக்கத்தை நடத்துகிறவர்கள் பயந்துபோய் அறுபதையும் தூக்கினார்கள்.

அறுபது பேர் ஏன் ஒரே தப்பைப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அதுதான். ஒரு வரி போதும், அதை நான் அங்கே எழுதியிருக்கலாம். எழுதினால் நான் எர்ணாவூர்க்காரி என்பது தெரிந்துவிடும். அந்தப் பூனைப் படத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேள்வி வரும். நான் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பொல்யூஷன் ஆபீஸ்லர்ந்து போன் வந்துச்சும்மே. ஒரே ஆளு அறுவது பேர்ல பொய் கம்ப்ளைன்ட் குட்த்துகீறே, போலீசுக்குப் போனா கேசு ஆவும்ன்றான். கம்ப்ளைன்ட்ட மூடிட்டாங்களாம். எவனோ சோமாரி என் இங்கிலீஷ நாறடிச்சிகீறான் பாரு. இதுல இன்னாம்மே தப்பு? நீயே சொல்லு."

அவள் நீட்டிய போனில் என் பதினோரு வட்டங்கள். "நான் நல்லதா ஒண்ணு எழுதித் தரேன்க்கா, இப்பவே எழுதுறேன்" என்றேன்.

"ஐய, வேணாம். போலீசு கேசுன்னா என் பொண்ண யாரு பாத்துப்பா? இனிமே நான் எதுலயும் எய்தமாட்டேன்."

அவள் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம். ஒரு தப்பில்லை. பிளாக்கில் வீடு வீடாகக் கொண்டுபோனேன். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பேச்சு அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. ஒருவரும் பெயர் போடவில்லை. நான் மட்டும் என் பெயரில் அந்த ஆபீஸுக்கு அனுப்பினேன். இந்த இடம் பற்றி ஏற்கெனவே பொய்ப் புகார் வந்திருப்பதால் எடுத்துக்கொள்ள இயலாது என்று பதில் வந்தது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் நாற்றம் வழக்கத்தைவிட அதிகமாக அடித்ததாம். நான் ஆபீஸில் இருந்தேன். பிள்ளையை ஸ்கூலிலிருந்து பாதியில் அனுப்பியிருக்கிறார்கள். அக்கா தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். எதிரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றிருக்கின்றன, ஆட்டோ நகரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டது. சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பிளாக் வாசலில் ஷாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி கேஸால்தான் பிள்ளை போனது என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆபீசர் ஒருதரம் வந்து பார்த்திருந்தால் மட்டும் கம்பெனி நின்றிருக்குமா என்று என்னையே நான் சமாதானம் செய்ததுண்டு. நின்றிருக்காது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வருகிற ஆளை வரவிடாமல் செய்தது நான்தானே! அந்தக் குரூப்பைவிட்டு வெளியே வந்தேன், பூனையை அழித்தேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டு மாதம் அக்காவின் கண்ணில் படாமல், அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகே இறங்குவேன். கடைசியில் முடியவில்லை. ஒருநாள் காலையில் லாரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பும்போது படியில் நிறுத்தினேன்.

"அக்கா, உன் பதிவுக்கு வட்டம் போட்டது வேற எவனும் இல்ல. நான்தான்."

குடத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள், முடியைப் பிடித்து இழுப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நீ ஃபுல்லா படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"நான் இன்னா எய்திகீறேன்னு உனுக்குப் புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சு."

"பாப்பாக்கு மூச்சு வர்லன்றது?"

தலையை ஆட்டினேன்.

"ஒருதபா வந்து பாருங்கன்றது?"

"எல்லாம் புரிஞ்சிச்சுக்கா."

குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் கரீட்டாதான் எய்திகீறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.