அடிவாரத்தில் கழற்றிய பூட்ஸ்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் மனிதர்கள் சும்மா மலை ஏறுகிறார்கள். மேலே கோயில் இல்லை. விறகு பொறுக்கவோ தேன் எடுக்கவோ போகவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஏறி, உச்சியில் உட்கார்ந்து தின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நூற்பாலை வேலை படிக்க மாஞ்செஸ்டர் பக்கம் வந்து ஒரு வருஷமாகிறது. இங்கத்து இயந்திரங்கள்கூடப் பழகிவிட்டன. இது இன்னும் பழகவில்லை.

நம் பக்கத்தில் மலை என்றால் அப்படியா? ஆலாந்துறையில் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றால் மேற்கே வெள்ளியங்கிரி தெரியும். நொய்யலுக்குத் தண்ணீர் அந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் வருகிறது. சித்திரையில் மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலையும் ஏறி, உச்சியில் சாமி கும்பிடுவார்கள். வழியில் கைதட்டிச் சுனை. கையைத் தட்டினால் தண்ணீர் வரும் என்பார்கள். நானும் பதினாறு வயதில் தட்டிக் குடித்திருக்கிறேன். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றாமல் ஏறியவரை நான் கண்டதில்லை. போத்தனூரில் ரயிலேற்றிவிட வந்தபோது அப்பா சொன்னார்: "நீ நல்லபடியா இருக்கோணும்னு வேண்டியிருக்கறேன் கண்ணு. வார சித்திரைக்கு நானே ஏறிப்போட்டு வாரேன்." அவருக்கு அப்போதே முழங்கால் வலி.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஹோல்ட், ஓய்வு பெற்ற தறி மேஸ்திரி. போன மாதம் தம் நண்பர்களோடு என்னையும் மலைக்கு அழைத்துப்போனார். அடிவாரத்தில் ஒரு மரக்கதவு. அதைத் தாண்டியதும் பேச்சு வாக்கில் குனிந்தேன். நிமிர்ந்தபோது இரண்டு பூட்ஸும் என் கையில் இருந்தன. எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். ஹோல்ட் சிரிக்கவில்லை. "உங்கள் ஊர் வழக்கமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"இல்லை, பூட்ஸ் கடிக்கிறது" என்றேன்.

ஒரே சொல்லில் ஏழு மலையையும் கைகழுவிவிட்டேன். உச்சியில் அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றிக் கேட்டபோதும் புத்தி வரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் வைத்து ஏறும் ரயில், ஊட்டி ஏரி, பூந்தோட்டம் என்று வெள்ளைக்காரருக்குப் பிடித்ததையெல்லாம் அளந்தேன். வெள்ளியங்கிரி என்ற பெயரே என் வாயில் வரவில்லை.

வீடு திரும்பியதும் ஹோல்ட் என் பூட்ஸை வாங்கிக்கொண்டார். தோலை நனைத்து, உள்ளே மரக்கட்டையைத் திணித்து, இரண்டு நாள் அடுப்போரம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தினார். "இனிக் கடிக்காது" என்று கொடுத்தார். முதலிலிருந்தே கடிக்காத பூட்ஸ் அது. இப்போது தொளதொளவென்று ஆடுகிறது. இரண்டு காலுறை போட்டு நடக்கிறேன். அவர் ஒவ்வொரு காலையிலும் விசாரிக்கிறார். நானும் சௌகரியம் என்கிறேன். நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கிறது.

போன வாரம் அப்பாவின் கடிதம் வந்தது. "ஏழு மலையும் ஏறியாச்சு கண்ணு. கால் கொப்புளிச்சுப்போச்சு, பரவால்ல. அங்க மலை இருக்குதா? இருந்தா செருப்பைக் கழட்டிப்போட்டு நீயும் ஒரு கும்பிடு போடு. எந்த மலையானா என்ன?"

நேற்று ஞாயிறு. ஹோல்ட் எழுவதற்குமுன் தனியாகப் புறப்பட்டேன். மரக்கதவுக்கு அப்பால் யாருமில்லை. வலது பூட்ஸையும் உறைகளையும் கழற்றி, புல்லில் பாதத்தை வைத்தேன். பனி சில்லென்று ஏறியது. இடது பூட்ஸின் கயிற்றில் கை வைத்தபோது கீழே பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ ரொட்டிப் பொட்டலத்தோடு வருகிறார்கள். யாரென்றுகூடப் பார்க்கவில்லை. உறைகளை அள்ளிப் பைக்குள் திணித்து, ஈரக்காலை அப்படியே பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டேன். அவர்கள் குட்மார்னிங் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

கும்பிடவில்லை. உச்சிவரை வலது கால் ஈரமாகவும் இடது கால் காய்ந்தும் நடந்தேன். அப்பாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.