பாலிஷ் போட்ட பழைய வாட்ச்

கைக்குட்டையைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். தோலுக்குக் கடைசியாக ஸ்ப்ரே அடிக்கிற லாக்கர் பூச்சின் நெடி... லேசான இனிப்பு கலந்தது, மூக்கில் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் வாட்ச் கண்ணில் பட்டது.

நான் ஆம்பூரில் செய்தியாளராக இருந்த காலம். ஜெயசீலன் அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் பினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் இன்றுவரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

தோல் வாங்க இத்தாலியிலிருந்து வருடா வருடம் ஒரு பெரியவர் வருவார். இனி வரப்போவதில்லை என்று விடைபெற்ற நாளில், தன் கையிலிருந்த தங்க வாட்சைக் கழற்றி ஜெயசீலன் கையில் கட்டிவிட்டுப் போனார். தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய சுவிஸ் வாட்ச். வெள்ளை டயல் பழுத்து, டீ சிந்திய துணியின் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரமெல்லாம் கீறல். ஜெயசீலன் அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கட்டுவார். மற்ற நாட்களில் அது பீரோவில் இருக்கும்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. லாக்கர் அடிக்கிற ஸ்ப்ரே ரூமை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் மனைவி மெர்சி நர்ஸ். டாக்டருக்கு முன்பிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் தோல் தைக்கிற மெஷின் போட்டு பர்ஸ், பெல்ட் செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மெஷின் வாங்க அவர்களிடம் இருந்த ஒரே வழி அந்த வாட்ச்.

பழைய வாட்ச்களை வாங்கி விற்கும் சென்னைக்காரர் ஒருவரை, ஒரு கட்டுரைக்காகப் பேட்டி எடுத்த வகையில் எனக்குத் தெரியும். அவருக்கு போட்டோ அனுப்பினேன். போட்டோவில் இருப்பது போலவே நேரிலும் இருந்தால் நல்ல விலை தருகிறேன், ஞாயிறு வருகிறேன் என்றார். ஜெயசீலனிடம் அதை அப்படியே சொன்னேன்.

அவர் அதைத் தோல்காரராகக் கேட்டுக்கொண்டார்.

தோல் தொழிலில் முதலில் சாம்பிள் போகும். சாம்பிளுக்கு ஓகே வந்தால், பின்னால் போகும் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்றால் முந்தின வாரமே தொழிற்சாலை பரபரக்கும். கேட்டுக்கு பெயின்ட், வாசலில் பூந்தொட்டி. கீறல் விழுந்த தோலெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மெஷினுக்குப் போய், மேலே கலர் ஏறி, கிரேடு கூடித் திரும்பி வரும். வாட்சின் போட்டோ பளிச்சென்று வந்திருந்தது. நேரில் பார்த்தால் கறை தெரியுமே என்று ஜெயசீலனுக்குக் கவலை...

ஞாயிறு, சர்ச் முடிந்து அவர் வீட்டில் கூடினோம். அந்தக் கைக்குட்டை பிரிந்தது அப்போதுதான். டயல் பால் போல வெளுத்திருந்தது. எண்கள் கறுப்பில் புத்தம் புதிதாக நின்றன. தங்கம் கண்ணைக் கூச வைத்தது.

சென்னைக்காரர் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“டயல்ல கை வெச்சது யாருங்க?”

“வேலூர்ல குடுத்து பெயின்ட் பண்ணேன் சார். கேஸ் நானே பஃபிங் போட்டேன். ஒரு டிஃபெக்ட் காட்டுங்க பாப்போம்.”

அவர் கோபப்படவில்லை. பழைய வாட்சை வாங்குகிறவர்கள் அதன் வயதைத்தான் வாங்குகிறார்கள் என்று மெதுவாக விளக்கினார். பழுத்த டயல்தான் அதை யாரும் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. பஃபிங்கில் கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிட்டன, பின்பக்கம் பொறித்திருந்த எழுத்தும் பாதி போய்விட்டது. கடைசியில் அவர் சொன்ன விலை மெஷினுக்குக் கிட்டேகூட வரவில்லை.

“அப்ப கறையோட இருந்திருந்தா ஜாஸ்தியா சார்?”

“ஆமாங்க.”

“கீறலோட?”

“கீறலோடதாங்க.”

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்த விலைக்குத் தர மனமில்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார். மெர்சி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றார்.

வாட்சைத் திருப்பிக் கொடுக்கப் போன சென்னைக்காரர், அதன் தோல் பட்டையை விரலால் நீவிப் பார்த்தார். மடக்கினார், விட்டார். இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

“கடையில்ல சார், இவருதான் கையால தச்சாரு. பழைய பட்டை நஞ்சி போயிருந்திச்சின்னு,” என்றார் மெர்சி.

பழைய வாட்ச்களுக்கு இப்படி மெல்லிய பட்டை கிடைக்காமல் திண்டாடுகிறேன், இன்னும் கொஞ்சம் செய்து தர முடியுமா என்று அவர் கேட்டார். மெர்சிதான் பேசினார்.

“அட்வான்ஸ் குடுப்பீங்களா சார்?”

சென்னைக்காரர் சிரித்துவிட்டார். கொடுத்தார்.

மெஷின் உடனே வந்துவிடவில்லை. கொஞ்ச காலம் ஜெயசீலன் கையாலேயே தைத்தார். ஆனால் அந்த மாதமே ஸ்ப்ரே ரூமுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இருமல் அநேகமாக இல்லை. ஜன்னலோரம் மெஷின், கம்பியில் வரிசையாகப் பட்டைகள். டெல்லியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போனிலேயே ஆர்டர் வருகிறதாம். தங்க வாட்சை இப்போது தினமும் கட்டுகிறார். அதற்கு இன்று என்ன விலை வரும் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆம்பூரில் தோலில் ஒரு தழும்பு தெரிந்தால் மேஸ்திரியிலிருந்து மேனேஜர்வரை திட்டு விழும். இன்று பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள், பட்டையும் பழசாகவே தெரிய வேண்டும் என்று கேட்கிறார்களாம். ஜெயசீலன் ஒரு புதுப் பட்டையைப் பளபளப்பு மங்க உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேஜார் புடிச்ச வேலை சார். காலமெல்லாம் பழசப் புதுசாக்கித்தான் சம்பளம் வாங்கனேன். இப்ப புதுசப் பழசாக்குன்றாங்க.”

“தலைக்கு மட்டும் விடாம டை அடிக்கறாரு, அதக் கேளுங்க,” என்றார் மெர்சி, உள்ளேயிருந்து.

ஜெயசீலன் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் இன்னும் பளபளத்தது... முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் அதைத் தேய்க்க ஆரம்பித்தார்.