ஜீப்பை விட்டு இறங்காத மச்சான்

இது நடந்தது. நம்புகிறவர் நம்பட்டும், மற்றவரிடம் எனக்குப் பேச்சில்லை. நான் குடிக்கிறவன் இல்லை. அது ராத்திரியும் இல்லை. பட்டப்பகல், மணி இரண்டு பத்து.

தாது தேடும் கம்பெனியில் எனக்கு மண் எடுக்கிற வேலை. புள்ளிக்குப் புள்ளி முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணைப் பையில் கட்டி, எண்ணும் ஆழமும் எழுத வேண்டும். பக்கத்திலேயே இன்ஜினியர் ஈர்ப்பு மீட்டரை வைப்பார். கீழே கனமான தாது இருந்தால் எண் ஏறும், பொந்தாக இருந்தால் இறங்கும். அருகில் யாராவது நடந்தாலே எண் ஆடும். முன்பு மண் எடுத்தவன் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று என்னைச் சேர்த்துவிட்டவர் மேஸ்திரி, என் மனைவியின் அண்ணன்.

பதினான்காவது புள்ளியில் மட்டும் அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

“வாங்க மச்சான்.”

“முட்டி வலிக்குது மாப்ளே. நீங்க போங்க.”

“சாப்பாட்டுக்கு ஓடுறப்ப வலிக்கலையே?”

அவர் சிரிக்கவில்லை.

இன்ஜினியர் மீட்டரை வைத்தார். எண் ஆடியது... நின்றது... ஆடியது. ஆள் நடக்கிற மாதிரி.

“யாருய்யா நடக்கிறது?”

“யாருமில்ல சார்.”

“பத்தடி முன்னால போய்ப் பாருங்க பெரியவரே” என்றார் என்னிடம்.

திரும்பி ஜீப்பைப் பார்த்தேன். மச்சான் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டடி போனேன். தோளில் தொங்கிய சாக்கு திடீரென்று கனத்தது. உள்ளே வெறும் பைகள்தான். கையை விட்டேன்.

ஒரு பை நிறைந்திருந்தது. ஈரமாக.

பை மேலிருந்த எழுத்து என்னுடையதல்ல.

‘புள்ளி 14. ஆழம் அறுபது அடி.’

அங்கேயே நின்றுவிட்டேன்.

“எண் ஆட்டம் நின்னு இறங்கிடுச்சு!” இன்ஜினியர் கத்தினார். “கீழ பொந்துய்யா! திரும்பி வாங்க!”

மறுநாள் புதரை வெட்டினார்கள். நான் நின்ற இடத்துக்கு இரண்டடி முன்னால் பழைய சுரங்கக் குழி. கயிறு விட்டு அளந்தார்கள். அறுபது அடி. அடியில் எனக்கு முன்னால் மண் எடுத்தவன் கிடந்தான்.

அவன் விழுந்தபோது கூட இருந்தது மச்சான். தன் தலையில் பழி விழும் என்று மூடி மறைத்திருக்கிறார்.

“விழுந்ததும் செத்துட்டான்னு நினைச்சியா?” போலீஸ் கேட்டது.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இல்ல சார்... மூணு நாள் கத்துனான். தினமும் போய்க் கேட்டேன். நாலாம் நாள் சத்தமில்ல. அன்னிக்குத்தான் மாப்ளையை வேலைக்குச் சேர்த்தேன்.”