சந்தாபுராவில் நாற்பது வீடுகள்

சுரங்கம் மூடியதும் கோலார் தங்கவயலை விட்டு, பெங்களூர் பக்கத்து ஹெப்பகோடிக்கு வந்தவள் ஞானம்மாள். வயது நாற்பத்தேழு. ஒரு சர்வே கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், நாட்டு நிலைமையையும் தங்கள் வருமானத்தையும் மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிவது அவள் வேலை. "போன வருஷத்துக்கு இப்ப எப்படி? நல்லாயிருக்கா, அப்படியே இருக்கா, மோசமா?" ஆறு வருடங்களாக இதே கேள்விதான். பதிலை ஒருநாளும் அவள் எடுத்துக் கொடுத்ததில்லை.

அந்த மார்ச்சில் சந்தாபுராவில் நாற்பது வீடுகள். கார்மெண்ட்ஸில் தையல் வேலையை இழந்திருந்த சந்திரம்மா முதலில் பதில் சொல்ல மாட்டேன் என்றாள்.

"சும்மா எழுதிட்டுப் போவீங்க. எங்களுக்கு என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதும்மா. ஆனா நீங்க சொன்னது சொன்னபடியே போய்ச் சேரும்."

சந்திரம்மா தரையில் உட்கார்ந்தாள். வேலை போனதைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றாள். எல்லாக் கேள்விக்கும் மோசம் என்றே பதில் சொன்னாள்.

மேற்பார்வையாளன் ஷெர்வினும் தங்கவயல்காரன், ஒரே சர்ச். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். நாற்பது வீடும் முடிந்த அன்று, "நெட் வரலைக்கா. டேப்லெட்டும் பாஸ்வேர்டும் குடுங்க, ஆபீஸ்ல இருந்து நானே ஏத்திடறேன்" என்றான். கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ஞானம்மாளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். பதில்களைச் சரிபார்க்கக் கம்பெனியில் இருந்து யாரோ சந்திரம்மாவுக்குப் போன் செய்து, வருமானம் கூடியிருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கத்தித் தீர்த்துவிட்டாள். தேடிப் பார்த்ததில் இருபத்தாறு வீடுகளின் பதில்கள் பொய். எல்லாம் ஞானம்மாள் பெயரில்.

அவள் ஷெர்வினைப் பார்த்தாள். அவன் மேனேஜரிடம், "எனக்கும் கொஞ்ச நாளாவே சந்தேகம் சார்" என்றான்.

பாஸ்வேர்ட் கொடுத்ததைச் சொன்னாள். கொடுத்ததே தப்பு என்று சொல்லி, அன்றோடு அவளை நிறுத்திவிட்டார் மேனேஜர்.

மாடிப்படியில் ஷெர்வின் பின்னாலேயே ஓடிவந்தான். "எல்லாம் மோசம்னு போனா நம்ப மாட்டாங்க, திரும்ப சர்வே எடுக்கச் சொல்வாங்கக்கா. டைம் இல்ல. அதான் கொஞ்சம் மாத்தினேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாப்பது வீடும் மறுபடி ஏறி எறங்கியிருப்பேனேடா."

நேராகச் சந்தாபுராவுக்குப் போனாள். சந்திரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். நடந்ததையெல்லாம் ஞானம்மாள் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"நீங்க சொல்றது நிசமா இருக்கலாம். இனிமே யார் வந்து கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவேன். நீங்க கெளம்புங்க."

ஞானம்மாள் இப்போது ஒரு கேண்டீனில் காய் நறுக்குகிறாள். வேறு சர்ச்சுக்குப் போகிறாள். ஷெர்வின் இரண்டு முறை போன் செய்தான், அவள் எடுக்கவில்லை.